கிராங்க் எத்தனை சுற்று சுற்றினால் நல்லது?

மாணவர்களே, மிதிவண்டிக்குப் புதிய கிராங்க் பேரிங் பொருத்தியதும் பலர் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? சங்கிலியைக் கழற்றிவிட்டு, கிராங்கைச் சுண்டிவிடுவார்கள். அது நெடுநேரம் சுற்றினால் மகிழ்ச்சி. இரண்டே சுற்றில் நின்றால் முகம் வாடிவிடும். இந்தத் தீர்ப்பு சரியானதா?

கிராங்கின் அச்சுக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் இருக்கின்றன. ஒரு பரப்பின்மேல் உரசி நகர்வதைவிட உருண்டு நகர்வது எளிது. ஆனால், ஒரு குண்டு மட்டும் சற்றுப் பெரிதாக இருந்தால் சுமை அதன்மேலேயே விழும். இதனால்தான், 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் உருவாக்கிய இயந்திரம் பெரும் திருப்பமாக அமைந்தது. எஃகுக் குண்டுகளை ஒரே அளவில், சரியான உருண்டையாக அது தேய்த்துக் கொடுத்தது.

புதிய பேரிங்கினுள் கெட்டியான கிரீஸ் நிறைந்திருக்கும். குளுவாங்கின் மழைநீரும் செம்பனைத் தோட்டச் சாலைகளின் சேறும் உள்ளே புகாதபடி ரப்பர் மூடிகளும் இருக்கும். இவை இரண்டும் சுழற்சியைச் சற்றே தடுக்கும். நீங்கள் மிதிக்கும் விசைக்கு முன் அந்தத் தடை மிகச் சிறியது. கிரீஸ் வற்றிய பழைய பேரிங் இதைவிட நெடுநேரம் சுற்றக்கூடும்! ஆகவே சுற்றுகளை எண்ணுவதை விட்டுவிட்டு, இந்த இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள்.

முதல் சோதனை: கிராங்க் கைகளை மாட்டுவதற்கு முன், அச்சை மட்டும் விரல்களால் மெதுவாகத் திருப்புங்கள். கிராங்க் கையின் நீளம் பொதுவாக 170 மில்லிமீட்டர். அச்சின் விட்டம் 17 மில்லிமீட்டர் என்றால் ஆரம் 8.5 மில்லிமீட்டர். 170ஐ 8.5ஆல் வகுத்தால் 20. அதாவது, கிராங்கின் நுனியில் திருப்புவதைவிட அச்சில் திருப்ப 20 மடங்கு விசை வேண்டும். நுனியில் தெரியாத கரகரப்பும் விரல்களுக்கு இங்கே தெரிந்துவிடும். சீரான இறுக்கம் இருந்தால் கவலை வேண்டாம். கரகரப்போ, ஓரிடத்தில் மட்டும் இறுக்கமோ தென்பட்டால் தூசி புகுந்திருக்கலாம், அல்லது அளவுக்கு மீறி முறுக்கியிருக்கலாம்.

இரண்டாவது சோதனை: கைகளை மாட்டியபின், ஒரு கையின் நுனியைப் பிடித்துச் சட்டத்தை நோக்கி உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். அச்சில் உள்ள சிறு ஆட்டம் நுனியில் பெரிதாகத் தெரியும். இரு கைகளும் சேர்ந்து ஆடினால் பேரிங்கில் தளர்வு இருக்கிறது. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கையின் போல்ட் தளர்ந்திருக்கிறது. சோதிக்கும்போது விரல்களைப் பற்சக்கரத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால், ஒரு மணி நேரத்தில் கிராங்க் 3,600 முறை சுழலும். தளர்ந்த பேரிங்கில் ஒவ்வொரு மிதியும் குண்டுகளின் பாதையை மோதி மோதித் தேய்க்கும். தளர்ந்த போல்ட்டோடு ஓட்டினால், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் கிராங்க் கை கழன்று உங்களைக் கீழே தள்ளிவிடலாம். அடுத்த முறை கடைக்காரர் கிராங்கைச் சுண்டிக் காட்டினால், "அண்ணே, கையை மாட்டுவதற்கு முன்னால் அச்சை ஒருமுறை நான் திருப்பிப் பார்க்கிறேனே" என்று கேளுங்கள்.