வால்வை மூடினாலும் வழக்கு வரும்

"போலீஸ் தெரிஞ்சா பட்டனை அமுக்குங்க, சத்தம் அடங்கிடும்." சைலன்சர் வால்வுக்குத் தனி சுவிட்ச் மாட்டிக்கொள்ளச் சொல்பவர்கள் தரும் தைரியம் இது. ஸ்போர்ட்ஸ் கார்காரர்களின் விவகாரம்தானே என்று ஆம்பூர்க்காரர் நினைக்கலாம். ஆனால் புல்லட்டுக்குச் சத்தம் கூட்டும் பஞ்சாப் சைலன்சர் போடுவதும், சத்தத்தை அடக்கும் டிபி கில்லரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வதும் இதே வித்தையின் மலிவுப் பதிப்புதான்.

சில கார்களின் புகைக்குழாயில் வட்டத் தகடு போன்ற ஒரு வால்வு கம்பெனியிலேயே இருக்கும். மெதுவாக ஓட்டும்போது அது மூடியிருக்கும். புகை சைலன்சருக்குள் சுற்றி வளைந்து, சத்தம் அடங்கி வெளியேறும். இன்ஜின் வேகமெடுத்தால் திறக்கும். எப்போது திறப்பது என்பதைக் காரின் கணினி முடிவு செய்கிறது. அரசு சத்தச் சோதனையில் தேறியது இந்த ஏற்பாட்டோடு கூடிய வண்டி. கையால் இயக்கும் சுவிட்ச் அந்த முடிவைக் கணினியிடமிருந்து பறித்து ஓட்டுநரின் விரலுக்குக் கொடுத்துவிடுகிறது. ஒயரை வெட்டி, டேப் சுற்றி, சூடான குழாய்க்குப் பக்கத்தில் விட்டால் உறை உருகி ஷார்ட் ஆகும் அபாயம் வேறு. வாரண்டி கேட்டுப் போனால் முதலில் இதைத்தான் காட்டுவார்கள். மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், சொந்தச் சேதத்துக்கான இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

சட்டம் பட்டன் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்ப்பதில்லை. 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது; இரண்டும் சேர்ந்தும் வரலாம். சத்த அளவை மீறிய வண்டியைச் சாலையில் ஓட்டினால் 190(2) பிரிவு: முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; கூடவே லைசென்ஸுக்கு மூன்று மாதத் தடை. ஓட்ட அனுமதித்தவரும் இதே பிரிவில் வருவார். மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்த அப்பாக்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

ஒலியும் மாசா என்று கேட்பவர்கள் வேறெந்த ஊரில் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், ஆம்பூரில் முடியாது. பாலாற்றைத் தோல் ஆலைக் கழிவு கெடுத்ததற்காக வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான், 1996 ஆகஸ்டு 28 அன்று, மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. வேலூர் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்கு அன்று தலா 10,000 ரூபாய் அபராதம். இன்று ஒரு வண்டியின் சத்தத்துக்கு உச்ச அபராதமும் அதே தொகை என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அமைதியாக வாழ்வது உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று 2005 ஜூலையில் அதே நீதிமன்றம் சொன்னது.

குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை அனுமதி 45 டெசிபல்தான். ஷிப்டு முடிந்து வந்து கண்ணயரும் தோல் தொழிலாளி எழுந்து வந்து சண்டை போட வேண்டியதில்லை. வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் குறித்து 112க்குச் சொல்லலாம்; தினமும் நடந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டிக்காரருக்கும் உரிமை உண்டு. அபராதம் என்றால் இ-சலான் கேளுங்கள். தவறான சலான் என்றால் மறுக்கலாம். "சட்டப்படி சரியானது" என்று சொல்லி விற்ற கடை மீது இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. ஆனால் பில் வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயர் மாற்றும் முன் கம்பெனி சைலன்சர் எங்கே என்று கேளுங்கள். பல நேரம் அது எடைக்குப் போயிருக்கும். புதிதாக வாங்கும் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.