அம்மாவிடம் கேட்டீர்களா?

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் உள்ளவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால், மருத்துவர் பெரும்பாலும் கூட வந்த மகனிடமோ மகளிடமோதான் பேசுகிறார். ‘அவங்களுக்கு என்ன தெரியும்?’ என்று வீட்டிலும் விட்டுவிடுகிறோம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அத்தனை பேரையும் வாயில்லாதவர்களாக்கிவிட முடியாது.

காலையில் சாப்பிட்டது மறந்துபோகலாம். எது வேண்டும், எது வேண்டாம் என்பது அத்தனை சீக்கிரம் மறப்பதில்லை. நோயின் ஆரம்பத்திலும் நடுக்கட்டத்திலும் பலர் தங்கள் விருப்பத்தைச் சொல்கிறார்கள், இன்னொரு நாள் கேட்டாலும் அதையே சொல்கிறார்கள். பேங்க் கணக்கைப் பார்க்க முடியாதவரால், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று சொல்ல முடியலாம். சோர்வில்லாத நேரத்தில், டிவியை அணைத்து, கண்ணாடியும் காது மெஷினும் மாட்டிவிட்டு, ஒரு சமயத்தில் ஒரே கேள்வி கேட்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். மனநல சிகிச்சை முடிவுகளைப் பொறுத்தவரை, சைகையால் தெரிவித்தாலும் அது முடிவுதான் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். பிறருக்கு அது தவறாகப்படுவதாலேயே அவருக்குத் திறனில்லை என்றாகிவிடாது.

நோய் முற்றி, விழுங்க முடியாமல் போகும்போதுதான் குடும்பம் திணறுகிறது. ‘பட்டினி போட்டுவிட்டார்கள்’ என்ற பேச்சுக்குப் பயந்தே பல வீடுகளில் மூக்கு வழி டியூபுக்குச் சம்மதிக்கிறார்கள். ஆனால் முற்றிய நிலையில் டியூப் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆதாரமில்லை. அதைப் பிடுங்கிவிடாதபடி கையைக் கட்டிவைப்பதும் உண்டு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல், டியூபைவிடக் கையால் பொறுமையாக ஊட்டுவதையே பரிந்துரைத்தது.

இதையெல்லாம் அவரிடமே கேட்டுவைக்கக் காலம் உண்டு. மீள வழியில்லாத கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவை என்றிருந்ததை 2023-இல் தளர்த்தியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். எழுதுபவர் தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். ஆகவே நோய் தெரிந்தவுடனேயே இந்தப் பேச்சை எடுத்துவிடுவது நல்லது. தன் சார்பில் பேச ஒன்றுக்கு மேற்பட்ட உறவினரையும் அவர் குறிப்பிடலாம். மூத்த பிள்ளை என்பதற்காக மட்டும் ஒருவரைப் போடாமல், கூடப்பிறந்தவர்கள் எதிர்த்தாலும் அம்மா சொன்னதையே சொல்லக்கூடியவரைப் போடச் சொல்லுங்கள்.