இரும்புக்கை மாயாவிக்கு எத்தனை பேரீச்சம்பழம்?

ஒரு வாக்குமூலத்தோடு ஆரம்பிக்கிறேன் நண்பர்களே. 1973-ம் வருஷம். நெல்லிக்குப்பத்தில் அஞ்சாம் கிளாஸ் படிக்கிற ஒரு பையன், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, வலது கையில் டிபன் பாக்ஸ் மூடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ப்ளக் பாயின்ட்டை நோக்கி நடந்தான். கரண்ட்டைத் தொட்டதும் உடம்பு மறைந்துவிடும், மூடி மட்டும் அந்தரத்தில் மிதக்கும், அப்படியே போய் கணக்கு வாத்தியாரின் பிரம்பை எடுத்து வந்துவிடலாம் என்பது திட்டம். அன்றைக்கு நல்லவேளையா கரண்ட் கட். அதனால்தான் இந்தக் கட்டுரையை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். (தயவுசெஞ்சு யாரும் ட்ரை பண்ணாதீங்க. உங்க ஊர்ல அவ்வளவு நேரம் கரண்ட் கட் இருக்காது.)

குற்றவாளி நான் இல்லை. இரும்புக்கை மாயாவி! 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது முதல் புத்தகமே அவர்தான். ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டேல். விபத்தில் வலது கை போய், இரும்புக்கை பொருத்துகிறார்கள். அப்புறம் இன்னொரு விபத்து. உயர் அழுத்த மின்சாரம் பாய்கிறது. ஆள் மாயம், இரும்புக்கை மட்டும் பாக்கி. இதில் செம விஷயம் என்னன்னா, ஆரம்பத்தில் அவர் ஹீரோவே இல்லை. ரவுடித்தனம் பண்ணிக்கொண்டு திரிந்தவர். பிறகுதான் திருந்தி, பிரிட்டனின் நிழல் படையில் ஏஜென்ட் ஆகிறார். 'ஒழுங்கா படிக்காத பையனுக்கும் ஒரு எதிர்காலம் உண்டு' என்று எங்கள் கோஷ்டி அதைப் புரிந்துகொண்டது.

இந்த மாயாவி எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்தார் என்பது தனிக் கதை. லண்டனில் 1962-ல் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் ஆரம்பித்த தொடர் அது. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். ஸ்பெயினில் வரைந்து, இங்கிலாந்தில் அச்சாகி, பத்து வருஷம் கழித்து சிவகாசியில் தமிழ் பேசி, எங்கள் ஊர் ரயில்வே கேட் பக்கம் கரும்பு வண்டிகளுக்கு நடுவே சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தார். சிவகாசி என்றால் பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் என்றுதான் ஊர் சொல்லும். எங்களுக்கு மட்டும் அது காமிக்ஸ் ஊர். அங்கே எம்.சௌந்திரபாண்டியன் என்று ஒருவர் முத்து காமிக்ஸை ஆரம்பிக்காமல் இருந்திருந்தால், என் தலைமுறைப் பசங்களில் பாதிப் பேருக்கு லண்டன் என்ற ஊரே தெரிந்திருக்காது.

நெல்லிக்குப்பத்தைப் பற்றிக் கொஞ்சம். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் இருக்கிற ஊர். சர்க்கரை ஆலைதான் எல்லாம். ஆலைச் சங்கு ஊதினால் எழுவோம், அடுத்த சங்குக்குச் சாப்பிடுவோம். அப்பாவின் ஷிஃப்ட் என்ன என்பதை வைத்துத்தான் அந்த வாரம் எத்தனை மணிக்கு காமிக்ஸ் படிக்கலாம் என்று டைம்டேபிள் போடுவோம். நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் கொண்டாட்டம். பகலில் அவர் தூங்குவார், நாங்கள் திண்ணையில் வரலாறு புத்தகத்தை விரித்து, உள்ளே முத்து காமிக்ஸை வைத்துக்கொண்டு அக்பருக்காக அழுவது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம். முத்து காமிக்ஸ் சைஸ் அப்படி. பாடப் புத்தகத்துக்குள் வைத்தால் துளிகூட வெளியே தெரியாது. சிறுவர் நலன் கருதி எடுக்கப்பட்ட முடிவு என்றே அன்றைக்கு நம்பினேன்.

ஒரு ரூபாயை நீட்டினால் புத்தகமும் தந்து மிச்சச் சில்லறையும் தருவார்கள். ஆனால் அந்த ஒரு ரூபாய்க்கு எங்கே போவது? ஐஸுக்குக் கொடுத்த காசு, காலி பாட்டில் விற்ற காசு, கடைக்கு அனுப்பும்போது 'விலை ஏறிடுச்சும்மா' என்று சொல்லி ஒதுக்கிய காசு... எல்லாம் சேர்த்தும் பத்தாது. அதனால் நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டோம். உண்மையான பங்குச் சந்தை! காசு அதிகம் போட்டவன் முதலில் படிப்பான். கடைசியில் படிப்பவனுக்கு ஒரு சலுகை, புத்தகம் அவன் வீட்டிலேயே தங்கும். இதைக் கண்டுபிடித்ததும் நான் எப்போதும் குறைவாகவே காசு போட ஆரம்பித்தேன். என் கலெக்‌ஷன் வளர்ந்த ரகசியம் இதுதான்.

எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்கு எல்லாப் புத்தகமும் வராது. திருப்பாதிரிப்புலியூர் போக வேண்டும். சைக்கிளை வாடகைக்கு எடுத்து டபுள்ஸ் மிதித்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தால் 'நேத்துதான் தீர்ந்துச்சு தம்பி' என்பார் கடைக்காரர். திரும்பி வரும் வழியில் யாரும் யாரோடும் பேச மாட்டோம்.

எக்ஸ்சேஞ்ச் ரேட் தெரியுமா? ஒரு மாயாவி கொடுத்தால் ரெண்டு ரிப் கிர்பி. லாரன்ஸ் - டேவிட் ஒன்றுக்கு ஒன்று. ஜானி நீரோவுக்கு ஸ்டெல்லா இருந்ததால் எட்டாம் கிளாஸுக்கு மேல் மவுசு கூடியது. காரிகனை எங்கள் செட்டில் யாரும் மதிக்கவில்லை. இன்றைக்கு எடுத்துப் பார்த்தால், அந்த ரிப் கிர்பி ஓவியங்களுக்கு முன்னால் மற்றதெல்லாம் நிற்காது. பத்து வயசு ரசனைக்கு அது எங்கே தெரியும்? டிஷ்யூம் எத்தனை என்பதுதான் கணக்கு. வசதியான வீட்டுப் பையன் ஒருத்தன் இந்திரஜால் காமிக்ஸ் கொண்டுவருவான். டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964-ல் ஆரம்பித்தது, சில காலம் தமிழிலும் வந்தது. முழுக்கக் கலர்! அவன் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவச் சொல்வான். கழுவினோம்.

ஆளுக்கொரு 'லைப்ரரி' இருந்தது. ட்ரங்குப் பெட்டிதான் லைப்ரரி. அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும் உண்டு, செருப்பு ரப்பரை வெட்டி நாங்களே செய்தது. எழுத்தைத் தலைகீழாகச் செதுக்க வேண்டும் என்று தெரியாமல், என் லைப்ரரியின் பெயர் கடைசி வரை கண்ணாடியில் பார்த்தால்தான் புரியும்படி இருந்தது.

இப்போது அடுத்த வாக்குமூலம். இது கொஞ்சம் சீரியஸ்.

1977. ஒன்பதாம் கிளாஸ். என் பெஞ்ச் நண்பன் ஒருத்தன், பெயர் வேண்டாம், 'மஞ்சள் பூ மர்மம்' வைத்திருந்தான். லாரன்ஸ் - டேவிட் சாகசம். நான் ஊரெல்லாம் தேடிக் கிடைக்காத புத்தகம். 'ஒரே நாள்டா, நாளைக்குத் தந்துடறேன்' என்று வாங்கினேன். மறுநாள், 'கெடிலத்துல குளிக்கும்போது தண்ணில போயிடுச்சுடா' என்றேன். புத்தகம் என் ட்ரங்குப் பெட்டியில், மாயாவிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அவன் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு எப்போதும் போலப் பேசினான். அட்டையின் உள்பக்கம் ஊதா மையில் ஒரு முத்திரையும் நம்பரும் இருந்தன. அவனுடைய லைப்ரரி ஸ்டாம்ப் என்று நினைத்தேன். அப்பாவின் ஷேவிங் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, என் தலைகீழ் ஸ்டாம்ப்பை அதன் மேலேயே குத்தினேன். அந்த வருஷக் கடைசியில் அவன் குடும்பம் ஊரைவிட்டுப் போனது.

1980-ல் நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சிதம்பரம் ஹாஸ்டலுக்குப் போனேன். கிளம்பும்போது ரெண்டு சட்டைக்கு நடுவில் ஒரே ஒரு காமிக்ஸை வைத்துக்கொண்டேன். எது என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் விட்டுப் போனால் என்றாவது யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயம். நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் பெட்டியிலேயே இருந்தன.

தீபாவளி லீவுக்கு வந்தால் பெட்டியைக் காணோம்.

'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் வருவார்களே, அந்தக் காலத்துப் பண்டமாற்று... அம்மா துருப்பிடித்த ட்ரங்கைப் போட்டிருக்கிறார். உள்ளே இருந்ததையும் சேர்த்து! 'காலேஜ் போற புள்ளைக்கு இனிமே எதுக்குடா பொம்மை புக்கு?' என்று கேட்டுவிட்டு, ஒரு பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தார். எனக்காக எடுத்து வைத்தது. இரும்புக்கை மாயாவிக்குப் பேரீச்சம்பழம்! சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. ரெண்டு சாப்பிட்டேன். நல்ல பழம்தான்.

நான் காமிக்ஸை விட்டது அப்போதுதான். என்ன அநியாயம் பாருங்க, நான் விட்ட பிறகுதான் தமிழில் காமிக்ஸ் கொடிகட்டிப் பறந்தது. 1984 ஜூலையில் மட்டும் ரெண்டு வரவு. தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ். சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ். லயனைத் தொடங்கியவர் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன். அப்போது அவருக்கு வயது 17. நம்மில் பல பேர் அந்த வயதில் அரியருக்கு ஃபீஸ் கட்டுவது எப்படி என்றுதான் யோசித்திருப்போம். ராணி காமிக்ஸ் 500 இதழ்களைத் தொட்டு 2005-ல் நின்றது. முத்துவும் லயனும் நடுவில் தடுமாறி, 2012-ல் மறுபடி எழுந்து, இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன. இப்போது அங்கே மாயாவியைவிட டெக்ஸ் வில்லர் என்கிற இத்தாலிய கௌபாய்க்குத்தான் கூட்டம். அந்தப் பழைய முத்து இதழ்களின் ஒரிஜினல்களை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கவும் ஆள் இருக்கிறது. அம்மா அன்றைக்குக் கொடுத்ததை இன்றைய ரேட்டில் கணக்குப் போட்டால், ஒரு பேரீச்சந்தோப்பே கேட்டிருக்க வேண்டும்.

ஹாஸ்டல், வேலை, கல்யாணம், மூணு வீடு மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி 'மஞ்சள் பூ மர்மம்' என்னோடு வந்தது. படிப்பதற்காக இல்லை. திறக்கவே பிடிக்காது, தூக்கிப் போடவும் மனசு வராது. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதே, பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததே, அன்றைக்கு எங்கள் வீட்டு ஓடுகளும் பறந்தன. பீரோவுக்குள் தண்ணீர். பத்திரம், ரேஷன் கார்டு என்று எல்லோரும் தேடும்போது நான் தேடியது வேறு. நனைந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத்தாள் வைத்து, வெயில் படாமல் நிழலில் நாலு நாள் காயவைத்தேன். (பழைய புத்தகம் சேர்ப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நனைந்ததை வெயிலில் போட்டால் தாள் முறுகி உடையும். கிழிந்தால் செல்லோ டேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். நாலைந்து வருஷத்தில் டேப் உதிர்ந்து, பிசின் கறை மட்டும் பழுப்பாக நிற்கும்.)

2019-ல் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னையே உற்று உற்றுப் பார்த்தார். 'நீ நெல்லிக்குப்பம்தானே?' அவனேதான். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆகியிருந்தான், பாருங்க கொடுமையை. பாயசம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். தண்ணியில் போகவில்லை, நான்தான் வைத்திருக்கிறேன் என்று.

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான்: "அது என் புக்கே இல்லடா. வாடகைக் கடைலேர்ந்து எடுத்தது. அஞ்சு ரூபா கட்டச் சொன்னார் கடைக்காரர். எங்கப்பா கடனை வாங்கித்தான் கட்டினார். அன்னிக்கு வாங்கின அடி இருக்கே... அதுக்கப்புறம் நான் காமிக்ஸே தொடலை."

பாயசம் வந்தது. வேண்டாம் என்று கையை மறைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாலித்தீன் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாமலை நகர் பக்கம்தான் வீடு. கதவைத் திறந்தது அவன் மகள், பி.எஸ்ஸி. படிக்கிற பெண். "இதுவா அங்கிள் அது? அப்பா வாரம் பூரா சொல்லிட்டிருந்தார். இவ்ளோ சின்னதா இருக்கு!" என்று நாலு பக்கமும் திருப்பி போட்டோ எடுத்தாள். அஞ்சு ரூபாய்க்கு வட்டி போட்டுத் தரட்டுமா என்று கேட்கத்தான் நினைத்துப் போனேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். முதலில் அட்டையைத் திருப்பி, உள்பக்கம் நான் சுரண்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"பிளேடா?"

"ஆமாடா."

"நம்பர் நாற்பத்தேழு" என்றான். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து!

அப்புறம் முதல் பக்கத்தைப் புரட்டினான். மகள் காபி கொண்டுவந்து வைத்தாள். "அப்பா, ஆறுது" என்று ரெண்டு தடவை சொன்னாள். அவன் காதில் விழவில்லை. நான் என் காபியைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை மணி கடலூர் பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்தேன்.

"இருடா, முடிக்கப்போறேன்" என்றான், தலையைத் தூக்காமலே.