காய்ச்சலில் வரும் இழுப்பு: மூளைக்குள் என்ன நடக்கிறது?

சென்ற மாதம் படிவம் 3 வகுப்பில் நரம்பு மண்டலப் பாடத்தை முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடப்போகும் நேரத்தில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "டீச்சர், என் தம்பிக்கு ஒன்றரை வயசு. போன வாரம் காய்ச்சல் வந்து உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துச்சு. பாட்டி சாவிக்கொத்தைக் கையில கொடுத்தாங்க, அம்மா கரண்டியை வாயில வச்சாங்க. இனிமே அவனுக்கு வலிப்பு நோய்தானா?"

வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. "இல்லை, பெரும்பாலும் இல்லை" என்றுதான் அவளுக்கு முதலில் சொன்னேன். ஆனால் அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. சிறு வயதில் உடலில் ஏற்படும் அழற்சி, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏதாவது தடத்தை விட்டுச் செல்கிறதா? மணி அடித்துவிட்டதால் அன்று முழுமையாகச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் அழற்சி என்றால் என்ன என்று பார்ப்போம். ஃபுட்சால் விளையாடும்போது முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, வலிக்கிறது. இவை காயம் செய்யும் வேலைகள் அல்ல. உங்கள் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் செய்யும் வேலைகள். கிருமி நுழைந்ததும் அவை சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்களை வெளியிட்டு மற்ற உயிரணுக்களுக்குத் தகவல் அனுப்புகின்றன. இந்தத் தகவல் மூளையையும் எட்டுகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், உடலின் வெப்பநிலையை 37 பாகை அளவில் வைத்திருக்கும் பகுதி. சைட்டோகைன்களின் தூண்டுதலால் அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகி, அந்த அளவை 39 ஆகவோ 40 ஆகவோ உயர்த்திவிடுகிறது. காய்ச்சல் ஏறும்போது உடல் கொதித்தாலும் நமக்குக் குளிர்வது இதனால்தான். புதிய அளவை எட்டும்வரை உடல் தன்னைக் குளிர்ந்ததாகவே எண்ணிக்கொண்டு நடுங்குகிறது.

ஆக, காய்ச்சல் வெறும் சூடு அல்ல. சூட்டோடு சேர்ந்து ஒரு கூட்டம் சைட்டோகைன்களும் மூளையில் வேலை செய்கின்றன. நம் கதையில் இவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு.

நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டவும் செய்கின்றன, அடக்கவும் செய்கின்றன. தூண்டுவதற்குப் பெரும்பாலும் குளுட்டமேட், அடக்குவதற்குக் காபா. மோட்டார் சைக்கிளின் எண்ணெய்ப்பிடியும் பிரேக்கும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சமநிலையில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. சமநிலை குலைந்து ஏராளமான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் ஒன்றாகத் துடிக்கத் தொடங்கினால், அதுதான் வலிப்பு. இன்டர்லியூக்கின்-1 பீட்டா என்ற சைட்டோகைன், குளுட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகையைத் தூண்டி, நரம்பணுவுக்குள் வழக்கத்தைவிட அதிகமான கால்சியத்தை நுழையவிடுகிறது. டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற இன்னொன்று, குளுட்டமேட் ஏற்பிகளை நரம்பணுவின் மேற்பரப்பில் கூட்டுகிறது. காபா ஏற்பிகளைக் குறைக்கிறது. எண்ணெய்ப்பிடியைத் திருகிக்கொண்டே பிரேக் கம்பியையும் தளர்த்துவது போன்ற வேலை இது. காய்ச்சலின் சூடும் தன் பங்குக்கு நரம்பணுக்களின் துடிப்பை அதிகரிக்கிறது.

அப்படியானால் காய்ச்சல் வந்த பெரியவர்களுக்கும் இழுப்பு வர வேண்டுமே? வருவதில்லை. காய்ச்சல் இழுப்பு என்பது ஏறத்தாழ 6 மாதம் முதல் 5 வயது வரைக்கும் உரிய ஒன்று. காரணம், அந்த வயதின் மூளை இன்னும் கட்டி முடிக்கப்படாத வீடு. வளர்ச்சியின் தொடக்கக் கட்டத்தில் காபா அடக்குவதற்குப் பதிலாகத் தூண்டவே செய்கிறது என்று எலிக்குட்டிகளிடம் கண்டறிந்திருக்கிறார்கள். நரம்பணுவுக்குள் குளோரைடு அயனிகள் அதிகமாக இருப்பதுதான் அதற்குக் காரணம். பிரேக் பிறகுதான் பிரேக்காக மாறுகிறது! அதே காலத்தில் மைக்ரோகிளியா எனப்படும் மூளையின் சொந்தக் காவல் உயிரணுக்கள், தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கத்தரித்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கின்றன. கட்டுமான வேலை செய்யும் அதே ஆட்களையே கிருமி வந்தால் சண்டைக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது.

இனி நான் மிகவும் விரும்பும் ஓர் ஆய்வுக்கு வருகிறேன். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் குவென்டின் பிட்மன் என்ற ஆய்வாளரின் குழு 2008-இல் இதை வெளியிட்டது. பிறந்து 14 நாளான எலிக்குட்டிகளுக்கு எல்.பி.எஸ். என்ற பொருளை ஒரே ஒரு முறை ஊசியாகப் போட்டார்கள். அது உயிருள்ள கிருமி அல்ல, சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு துண்டு. கிருமி வந்துவிட்டது என்று உடலை நம்பவைக்க அது போதும். இன்னொரு குழுவுக்கு வெறும் உப்புநீர். குட்டிகள் தேறி, வளர்ந்து, 6 முதல் 8 வாரங்கள் கழித்து இரு குழுக்களுக்கும் வலிப்பைத் தூண்டும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வெவ்வேறு மருந்துகள். மூன்றிலும் எல்.பி.எஸ். பெற்ற எலிகளே எளிதாக வலிப்புக்கு உள்ளாயின.

பிறந்த 7ஆம் நாளிலும் 14ஆம் நாளிலும் ஊசி போட்டால்தான் இந்த விளைவு தெரிந்தது. முதல் நாளில் போட்டால் இல்லை. 20ஆம் நாளில் போட்டாலும் இல்லை. அதாவது ஒரு சன்னல் திறந்து மூடுகிறது. எலியின் நாள்களை மனிதனின் மாதங்களாக மாற்ற ஒரு வாய்ப்பாடு கிடையாது. ஆனாலும் எலியின் அந்த வாரத்தை மனிதக் குழந்தையின் பிறப்பையொட்டிய காலத்தோடும் கைக்குழந்தைப் பருவத்தோடும் ஒப்பிடுவது வழக்கம்.

யார் குற்றவாளி என்பதையும் அவர்கள் விடவில்லை. டி.என்.எஃப். ஆல்ஃபாவைத் தடுக்கும் எதிர்ப்பொருளை மூளைக்குள் செலுத்தியபோது எல்.பி.எஸ். போட்டும் பாதிப்பு வரவில்லை. எல்.பி.எஸ். இல்லாமல் டி.என்.எஃப். ஆல்ஃபாவை மட்டும் செலுத்தியபோது பாதிப்பு வந்தது. ஒரு காரணியை நீக்கிப் பார், பிறகு அதை மட்டும் சேர்த்துப் பார். செய்முறைப் பாடத்தில் மாறிகளைப் பற்றி நான் தொண்டை வறளக் கத்துவது இதைத்தான்!

வளர்ந்த எலிகளின் மூளையில் அழற்சி இன்னும் நீடித்ததா? இல்லை. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் சைட்டோகைன் அளவு இயல்பாகவே இருந்தது. ஆனால் அங்கே நரம்பணுக்கள் தூண்டலுக்குக் கூடுதலாகப் பதிலளித்தன. தீ அணைந்துவிட்டது, ஆனால் மின்கம்பிகளின் அமைப்பு சற்று மாறிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். அந்த எலிகளுக்கு வலிப்பு நோய் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மருந்தால் தூண்டியபோது எளிதில் வலிப்பு வந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாயின் விளிம்பு ஓர் அங்குலம் தாழ்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மழைக்கு ஒன்றும் ஆகாது. பெருமழை வந்தால் மற்ற வீடுகளுக்கு முன் உங்கள் வாசலில் தண்ணீர் ஏறும்.

மனிதக் குழந்தைகளைப் பற்றிய கணக்கு ஆறுதல் தருகிறது. நூறு குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் இழுப்பு வருகிறது. ஜப்பானில் இன்னும் அதிகம். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது மீண்டும் ஒரு காய்ச்சலின்போது வரலாம். ஆனால் 15 நிமிடத்திற்குள் தானாக நின்றுவிடும் சாதாரண இழுப்பு வந்த குழந்தைக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுத்தான் கூடுதல். நூறில் ஓரிருவர் என்ற அளவு. பிரிட்டனில் 1970 ஏப்ரலில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் காய்ச்சல் இழுப்பு வந்த ஏறத்தாழ 380 பேரை 10 வயதில் சோதித்தபோது, படிப்பிலும் நடத்தையிலும் அவர்கள் மற்றப் பிள்ளைகளுக்குச் சளைக்கவில்லை.

உண்மையில் அஞ்ச வேண்டியது அழற்சி மூளைக்குள்ளேயே மூளும்போதுதான். மூளைச் சவ்வு அழற்சி, மூளை அழற்சி ஆகிய இரண்டும் குழந்தைகளுக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வரும் ஆபத்தைத் தெளிவாக உயர்த்துகின்றன. மூளைச் சவ்வு அழற்சியை உண்டாக்கும் ஹிப் என்ற கிருமிக்கு எதிரான தடுப்பூசி 2002 முதல் நம் நாட்டுத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2020-இல் சேர்க்கப்பட்டது. தடுப்பூசிக் காய்ச்சலில் அரிதாக இழுப்பு வருவதும் உண்டு. அதைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள், அந்த ஊசி தடுக்கும் நோய் எவ்வளவு கொடியது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சரி, தம்பிக்கோ தங்கைக்கோ உங்கள் கண் முன்னே இழுப்பு வந்தால்? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், பக்கத்தில் இருக்கும் நாற்காலி மேசைகளை நகர்த்துங்கள், கழுத்தருகே இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும், தண்ணீரையோ மருந்தையோகூட, வைக்காதீர்கள். கரண்டியால் பல் உடையலாம், மூச்சு அடைக்கலாம். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. பனிக்கட்டி நீரில் குளிப்பாட்டவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 999-ஐ அழையுங்கள். விரைவில் நின்றுவிட்டாலும், முதல் முறை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கழுத்து விறைப்பு, நின்ற பிறகும் தெளியாத மயக்கம், 6 மாதத்திற்கும் குறைந்த வயது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் மருந்து குழந்தைக்கு இதமாக இருக்கும். ஆனால் அது இழுப்பை நிச்சயம் தடுத்துவிடும் என்று எண்ணி அளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது.

சாவிக்கொத்தை மறந்துவிட்டேனே. பெரும்பாலான இழுப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். வீட்டில் சாவிக்கொத்தைத் தேடி எடுத்துக் கையில் வைக்கவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். எனவே ஒவ்வொரு முறையும் சாவி 'வேலை செய்ததாகவே' தெரியும். இதை வகுப்பில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள்.

மறுவாரம் அந்த மாணவி என்னிடம் வந்தாள். தம்பி நன்றாக இருக்கிறானாம், ஓடி விளையாடுகிறானாம். "அம்மா இனிமே கரண்டியை எடுக்க மாட்டாங்களாம் டீச்சர். பாட்டிதான் சாவியை விட மாட்டேங்கிறாங்க." பரவாயில்லை, சாவி பாட்டியின் கையிலேயே இருக்கட்டும், குழந்தையின் வாயருகே போகாமல் நீ பார்த்துக்கொள் என்றேன்.