பளபளப்புக்கு அடியில்

பழைய ஜீப்புகளும் டிரக்குகளும் மறுவாழ்வு பெறுகின்றன. அவற்றின் சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

ஐம்பது வயதைத் தாண்டிய ஜீப்புக்கு இன்று சட்டத்தில் தனி இடம் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு எண் தரப்படுகிறது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. அன்றாட ஓட்டத்துக்கும் அனுமதி இல்லை.

இந்த வண்டிகளுக்கும் மும்பைக்கும் உறவு பழையது. 1945-ல் லூதியானாவில் உருக்கு வணிகமாகத் தொடங்கிய மகிந்திரா நிறுவனம், நாற்பதுகளின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை அமெரிக்காவிலிருந்து தருவித்து, பம்பாயின் மஜ்காவ் பகுதியில் பூட்டத் தொடங்கியது. குர்லாவில் வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜ், ஃபார்கோ டிரக்குகளை உருவாக்கியது. அந்தக் குர்லாவின் சி.எஸ்.டி. சாலையில்தான் பழைய உதிரிபாகக் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. பக்கத்திலேயே தாராவியின் பழைய இரும்புக் கிடங்குகள். தேடுகிறவருக்கு அசல் உருக்குச் சக்கரம் அகப்படக்கூடும். ஆனால் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே கேள்வி.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, போதாததற்குக் கடலின் உப்புக் காற்று. மும்பையில் உருக்கு நிம்மதியாக இருக்க முடியாது. வெளியே தெரியும் துரு சில்லறைச் சங்கதி. டயரின் விளிம்பு உட்காரும் பள்ளத்திலும், டிஸ்கும் ரிம்மும் சேரும் இடுக்கிலும் அரிக்கும் துருதான் ஆபத்தானது. அதைச் சுரண்டாமல் பட்டி பூசித் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தால் சக்கரம் புதியது போலவே இருக்கும். தகடு பாதியாக மெலிந்திருப்பது அப்போது யார் கண்ணுக்கும் தெரியாது.

தாராவியை ஒட்டிய மாட்டுங்காவில் 1915 முதல் ரயில் பெட்டிப் பணிமனை இயங்குகிறது. ரயில் சக்கரத்தை அளக்க அளவுகோல் உண்டு. அச்சில் விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். தெருவோரப் பட்டறைக்குக் கண்ணும் கையும்தான் கருவி. எனவே எல்லாப் பெயின்ட்டையும் நீக்கி வெற்று உலோகத்தைப் பார்ப்பது அங்கே இன்னும் அவசியமாகிறது. ஆட்டத்தைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல. சக்கரத்தை ஹப்பில் மாட்டிச் சுழற்றி, விளிம்பருகே ஒரு கம்பியை அசையாமல் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும்.

துருவை நீக்கும் வழியிலும் வினை உண்டு. காற்றின் வேகத்தில் மணலை வீசியடிக்கும் ஸாண்ட் பிளாஸ்டிங் வேலையை வேகமாக முடிக்கும். கூடவே, நுண்ணிய சிலிகா தூசியை நுரையீரலில் படியவிட்டு, குணப்படுத்த முடியாத சிலிகோசிஸ் நோயைத் தரும். வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணலைப் பயன்படுத்துவதற்கு எதிராக பிரிட்டன் 1949-லேயே விதி இயற்றியது. உருக்குக் குருணையோ கண்ணாடி மணியோ மணலுக்கு மாற்றாகும். சலவை சோடா கரைத்த தண்ணீரில் சக்கரத்தை மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் மின்சாரத்தால் துருவைக் கழற்றும் முறையில் தூசியே இல்லை. நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

பெயின்ட் விஷயத்தில் தாராளம் கூடாத இடங்கள் இரண்டு: சக்கரம் ஹப்பைத் தொடும் முகம், நட் அமரும் குழி. அங்கே தடித்த பூச்சு இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கும்; நட் தளரும். பவுடர் கோட்டிங் செய்யும்போது இந்த இடங்களை மறைத்துவிட வேண்டும். மாட்டிய பிறகு 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

பழைய வில்லிஸில் இன்னொரு சூட்சுமம். வலப்புறச் சக்கரங்களுக்கு வழக்கமான மரை, இடப்புறத்தில் எதிர்மரை. விவரம் தெரியாதவர் ஸ்பானரில் குழாயைச் செருகி வழக்கமான திசையில் பலம் காட்டினால், நட் இன்னும் இறுகும். கடைசியில் போல்ட் முறியும்.

உயிருக்கு உலை வைப்பது இதைவிடச் சிறிய அறியாமை. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகளில் குண்டு பட்ட டயருடனும் ஓடுவதற்காக இரண்டு பாதிகளைச் சேர்த்து முடுக்கிய ‘காம்பாட்’ ரிம் வந்தது. ஹப்பில் 5 நட். இரு பாதிகளையும் இணைக்க 8 நட். டயரில் காற்று இருக்கும்போது அந்த எட்டில் கை வைத்தால் ரிம் பிளந்து பாயும். டிரக்குகளின் லாக் ரிங் சக்கரமும் இதே ரகம். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் பல டன் விசை ஓர் இரும்பு வளையத்தை நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். துருவேறிய வளையம் சரியாக உட்காராவிட்டால், குனிந்து காற்றடிப்பவரின் முகம்தான் எதிரே இருக்கும். டயரைக் கழற்றாமல் ரிம்மில் வெல்டிங் வைப்பதும் வெடிக்கு அழைப்பு.

அமெரிக்கா 1980-ல் இத்தகைய பல துண்டு ரிம்களுக்குத் தனிப் பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்க வேண்டும். தானாகக் கவ்வும் முனையும் நீண்ட ஹோஸும் வேண்டும். காற்றை முழுதும் இறக்காமல் கழற்றக் கூடாது. வளைந்த, விரிசல் விட்ட பாகத்தை வெல்டிங் வைத்து மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

இவற்றில் எதுவும் பெரிய ஆலைக்கு மட்டும் சாத்தியமான காரியமல்ல. தடித்த குழாய்களை வெல்டிங் வைத்துக் கூண்டு செய்யத் தாராவியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பத்தடி ஹோஸும் ஒரு பிரஷர் கேஜும், வண்டிக்காரர் பெயின்ட்டுக்குச் செலவிடும் பணத்தில் சிறு பகுதிதான். ஆனால் பேரம் பேசும்போது வண்டிக்காரர் கேட்பது நிறத்தையும் பளபளப்பையும். கூண்டு இருக்கிறதா என்று அவர் கேட்கத் தொடங்கினால், பட்டறைக்காரர் அதைச் செய்துவைக்க அதிக நாளாகாது.