நிறத்தை வைத்து எடை சொல்ல முடியுமா?

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் கினிக்கோழி விட நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "புள்ளி போட்டதா, வெள்ளையா, எதுங்க சீக்கிரம் எடை வைக்கும்?" டீயைக் குடித்துக்கொண்டே கணக்குப் போடுவோம்.

பரேலியை அடுத்த இசத்நகரில் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கு உருவான ரகங்கள் மூன்று: முத்துப்புள்ளிக் காதம்பரி, வெளிர்சாம்பல் சிதம்பரி, வெள்ளை ஸ்வேதாம்பரி. இவற்றுக்கு நிலையம் சொல்லும் எடை 8 வாரத்தில் 500 முதல் 550 கிராம், 12 வாரத்தில் 900 முதல் 1,000 கிராம்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு சுமார் 25 கிராம். அப்படியானால் முதல் 8 வாரத்தில் வாரத்துக்கு அறுபது கிராம் போலத்தான் ஏறுகிறது. அடுத்த 4 வாரத்தில் நூறைத் தாண்டுகிறது. அதன் பிறகு வேகம் குறையும். 8 வாரத்தில் மட்டும் தராசில் வைத்து, "இது தேறாது" என்று ஒரு ரகத்தைத் தள்ளுவது அவசரம்.

பிரான்சில் கறிக்கென்றே பல தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த கினிக்கோழிகள் 12 வாரத்தில் ஒன்றரைக் கிலோவைத் தொடும். அவற்றிலும் முத்துப்புள்ளி உண்டு. இறகின் நிறத்தை ஒன்றிரண்டு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. உடலளவுக்குப் பின்னால் நிறைய மரபணுக்கள். தாய்க்கோழி எந்த வழியில் வந்தது என்று கேட்பதே சரியான கேள்வி.

இன்னொன்று குளிர். சமவெளியில் கினிக்கோழி முட்டையிடும் பருவம் மார்ச் முதல் செப்டம்பர் வரை. ஏப்ரலில் பொரித்த குஞ்சு வெயிலில் வளரும்; அக்டோபர் குஞ்சு நம் மலையில் வடகிழக்கு மழையில் நனையும். ஈரமும் குளிரும் கினிக்குஞ்சுக்கு ஆகாது. தின்ற தீவனம் உடம்பைச் சூடாக வைப்பதிலேயே போய்விடும். இந்த இரண்டு செட்டையும் ஒப்பிட்டால் ரகம் தெரியாது, பருவம்தான் தெரியும்.

ஆகவே புள்ளி, வெள்ளை இரண்டு ரகத்தையும் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளாக வாங்குங்கள். காலில் வளையம் போட்டு ஒரே கொட்டகையில், ஒரே பல்பு வெளிச்சத்தில் விடுங்கள். முதல் மாதம் புரதம் 24 சதவீதத்துக்குக் குறையாத தீவனம் வேண்டும். வாரம் ஒருநாள், காலையில் தீவனம் போடுமுன் எடை போடுங்கள். நாட்டுக்கோழி போலச் சேவல் தனியாகப் பெருக்காது. பெட்டையும் ஏறக்குறைய அதே எடைதான். அதனால் கலந்தே நிறுக்கலாம்.

எந்த ரகம் எவ்வளவு தின்றது என்று பார்க்க மட்டும் கொட்டகைக்குள் குறுக்கே ஒரு வலை கட்டுங்கள். கூடுதலாக நூறு கிராம் வைத்த கோழி அந்த நூறு கிராமுக்குக் கிடைக்கும் காசைவிடக் கூடுதல் காசுக்குத் தீவனம் தின்றிருந்தால், சந்தையில் லாபம் சின்னக் கோழிக்குத்தான்.