தொட்டிக் கடலும் பாஸ்பேட் கணக்கும்

மும்பையில் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், கூடத்து மூலையில் கடல்நீர்த் தொட்டியொன்று இடம் பிடித்திருப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். எங்கள் வீட்டிலும் அத்தகைய தொட்டி உண்டு. 200 லிட்டர் கொள்வது. அதில் கோமாளி மீன்கள் இரண்டு, கடற்சாமந்தி ஒன்று, சுண்ணாம்புக் கற்கள் சில. பவளம் வைக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாறை கட்டும் பவளங்கள் யாவும் 2001-இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. கடலிலிருந்து பெயர்த்ததை எவரேனும் விற்க வந்தால் வாங்காதிருத்தல் வேண்டும். கோமாளி மீனுக்கு அந்தக் கவலை இல்லை. அதனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டு, பலருக்கும் கற்பித்துள்ளனர்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் தொட்டிக் கற்களின்மீது பச்சை மயிர் போலப் பாசி படரலாயிற்று. நாள்தோறும் கிள்ளியெடுத்தோம், மறுவாரம் மீண்டும் வந்தது. பாசிக்கு உரம் பாஸ்பேட். மீனுக்கு இடும் தீனியிலிருந்தும், உறைந்த இறால் கரையும் நீரிலிருந்தும், சில ஊர்களில் குழாய் நீரிலிருந்துமே அது தொட்டிக்குள் சேர்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பத்தா, மண்டபத்துக் கடற்கரையில் பிறந்தவர், தொட்டியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “தீனியைக் குறைச்சாப் பாசி குறையாதாப்பா?” என்றார். அவர் கூறியது சரியே. நாங்களோ, எங்கள் கருவி பாஸ்பேட் குறைவென்று காட்டுவதாகச் சொல்லி அவரை மறுத்தோம். பிழை எங்களுடையது. அதை விளக்கவே இக்கட்டுரை.

பாஸ்பேட்டை அளக்கும் முறை பழையது. இன்று பரவலாகக் கையாளப்படும் வடிவத்தை மர்ஃபி, ரைலி என்னும் இருவர் 1962-இல் வெளியிட்டனர். அமிலம் கலந்த நீரில் அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்தால் அது பாஸ்பேட்டுடன் கூடுகிறது. வைட்டமின் ‘சி’ எனப்படும் அஸ்கார்பிக் அமிலம் அக்கூட்டைக் குறைத்து நீல நிறமாக்குகிறது. சிறிதளவு ஆன்ட்டிமனி அச்செயலை விரைவாக்குகிறது. நீலம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு பாஸ்பேட். மலிவான பெட்டிகளில் அந்நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணால் கணிக்க வேண்டும். இரவில் குழல் விளக்கின்கீழ் ஒருவர் ‘பூஜ்யம்’ என்பார். அதே குப்பியைக் காலை வெயிலில் மற்றொருவர் ‘பத்தில் ஒன்று’ என்பார். எங்கள் வீட்டில் இது நாள்தோறும் நடந்த வழக்கு. ஆகவேதான் ஒளியைச் செலுத்தி எண்ணாகக் காட்டும் சிறு கருவியை வாங்கினோம்.

கருவி 60 என்று காட்டியது. லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் பாஸ்பேட் எனக் கொண்டு நிம்மதியடைந்தோம். தொட்டி வளர்ப்போர் பலரும் 0.1-க்குள் இருப்பதைப் போதுமென்பர். கருவி சொன்னதோ வேறு. அது பாஸ்பேட்டை அன்று, பாஸ்பரஸை மட்டுமே, அதுவும் கோடியில் அன்று, நூறு கோடியில் இத்தனை பங்கு என்று காட்டும் வகை. பாஸ்பரஸ் அணுவொன்றுடன் ஆக்ஸிஜன் நான்கு சேர்ந்ததே பாஸ்பேட். எடை மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஆகவே கருவியின் எண்ணை 3.066-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 60 என்பது 0.184 ஆயிற்று! ஐந்து மாதம் பாசிக்கு விருந்திட்டுவிட்டு, இல்லையென்று சாதித்திருந்தோம். கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் இது தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. கருவியை வாங்கும்போதே அது காட்டுவது பாஸ்பரஸா, பாஸ்பேட்டா எனப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றப் பிழைகள் கண்ணாடிக் குப்பியிலேயே நிகழ்கின்றன. சில சோப்புத் தூள்களில் பாஸ்பேட் உண்டு. அடுப்படியில் பாத்திரத்தோடு குப்பியைக் கழுவலாகாது. தூய நீரில் பன்முறை அலசிக் கவிழ்த்து வைப்பதே முறை. அளப்பதற்குமுன் தொட்டி நீராலேயே இருமுறை அலசி, பத்து மில்லி எடுத்து, மருந்து சேர்க்காமல் முதலில் பூஜ்யம் வைக்க வேண்டும். அப்போதுதான் நீருக்கு இயல்பாயுள்ள மங்கல் கணக்கினின்று நீங்கும். பின்னர் அதே குப்பியில் பொடி முழுவதையும், பொட்டலத்தின் மூலையில் ஒட்டியதையும் தட்டிச் சேர்த்து, கரையுமட்டும் மெல்லக் குலுக்குதல். வேகமாகக் குலுக்கினால் குமிழி எழும். குமிழியும் கரையாத துகளும் கைரேகையும் ஒளியைத் தடுத்து எண்ணை உயர்த்திவிடும். கையேடு கூறும் நேரத்துக்குமுன் படித்தாலோ நீலம் முழுதும் எழாமல் எண் தாழ்ந்து நிற்கும்.

இவ்வளவு செய்தும் மூன்று முறை அளந்தபோது 62, 55, 60 என வந்தது. கையேட்டின்படி அக்கருவிக்கு ஐந்து எண்ணும், அதற்குமேல் நூற்றுக்கு ஐந்தும் ஏறக்குறைய இருக்கலாம். 60-க்கு எட்டு எண் முன்பின். ஒரே அளவீட்டை வைத்து மருந்திட ஓடுவது அறியாமை. தூய நீரை அளந்தால் பூஜ்யத்தை ஒட்டி வருகிறதா என்றும், அளவு தெரிந்த திரவத்தை அளந்தால் அவ்வளவே வருகிறதா என்றும் இடையிடையே சோதித்தல் நன்று. இன்னொன்று: பாசி தழைத்திருக்கும் தொட்டியில் எண் குறைவாகவும் வரலாம். நீரில் இருந்ததைப் பாசி உண்டுவிட்டது; அதனுள் கட்டுண்டதைக் கருவி அறியாது.

உண்மை தெரிந்ததும் நாங்கள் அடுத்த பிழையைச் செய்தோம். பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்ஸைடு குருணையை முழுப் பொட்டலமாக வடிகட்டியில் கொட்டினோம். ஒரு வாரத்தில் எண் 2-க்கு இறங்கிற்று. கடற்சாமந்தி சுருங்கிக் கல்லிடுக்கில் ஒடுங்கியது. அதனுள் வாழும் நுண்பாசிகளுக்கும் பாஸ்பேட் சிறிது வேண்டும் என்பதை மறந்திருந்தோம். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பார்கள். குருணையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டோம். பதினேழாம் நாள் அது விரியத் தொடங்கிற்று. கோமாளி மீன்கள் மீண்டும் அதன் நடுவே போய் அமர்ந்தன. சுண்ணாம்புக் கற்கள் உள்ளே பற்றி வைத்திருந்த பாஸ்பேட்டைச் சிறிது சிறிதாக வெளிவிட்டதால் எண்ணும் மெல்ல ஏறியது. இப்போது ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில், தீனியிடுமுன், இருமுறை அளந்து நாட்குறிப்பில் எழுதுகிறோம். சென்ற ஞாயிறு 17-ம் 20-ம் வந்தன, பாஸ்பேட் 0.05-க்கும் 0.06-க்கும் இடையே. தீனியும் அப்பத்தா சொன்னவாறு பாதியாகக் குறைந்திருக்கிறது.